மூன்றாம் வாய்க்காலில் ஒரு நண்டு

14 ஆகஸ்ட் 2010

பிள்ளையார் சுழி போட்டு, பேனாவைக் கண்ணில் ஒற்றி உறுதி கூறுகிறேன்: இன்று முதல் இந்த டைரியில் நான் எழுதப்போவதை இப்பூவுலகில் ஒருவரும் நம்பப்போவதில்லை. ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் இரண்டு மின்விசிறிகளுக்கும் ஏகச் சக்கரவர்த்தியும், சிதம்பரம் பிரௌசிங் சென்டர் உலகின் முடிசூடா மன்னனுமான இளவரசு ஆகிய நான் ஒரு சொல்கூட இல்லாத கடலுக்குள் இறங்கியிருக்கிறேன்.

கடல் என்றால் சுவேதா செய்த கடல். அக்கா மகள். கடலூரில் வீடு, இங்கே ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். சாயங்காலம் வந்து நாலாம் நம்பர் சிஸ்டத்தில் பென் டிரைவைச் செருகினாள். சாம்பல் நிறத் தண்ணீர், கறுப்பாகச் சுரபுன்னை வேர்கள், நடுவில் ஒரு சின்னப் படகு. அவ்வளவுதான். சுடுவதற்கு ஆள் இல்லை, மார்க் இல்லை, பாட்டு இல்லை.

"என்னா பண்ணணும்னு ஒரு வரி போடக் கூடாதாம்மா?"

"போட்டா அது என் கேம் இல்ல மாமா. அவுங்களே தேடணும்."

"தேடிக் கெடைக்காதவன்?"

"கெடைக்கும். எல்லாம் அந்தத் தண்ணியிலயே இருக்கு."

ஒன்றுமில்லாத வெளியைத் திரை விலக்கிக் காட்டிக் கும்பிட வைக்கும் ஊரில் கடை வைத்திருப்பவன் நான். எதிர்த்துப் பேச வழியில்லை.

17 ஆகஸ்ட்

மூன்றாவது வாய்க்காலில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தள்ளுகிறேன், நகரவில்லை. கீபோர்டில் வலது அம்புக்குறி பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

18 ஆகஸ்ட்

கடந்தேன். எப்படி? மாட்டுவண்டிச் சக்கரம் போன்ற கொடுக்குகளோடு, தலையில் முத்துக் கிரீடத்தோடு நண்டுராஜன் வேரின் மேல் ஏறி நின்று, "மானிடா, துடுப்பைக் கீழே போடு" என்று இடிபோல் முழங்கினான். போட்டேன். பிச்சாவரத்துக் காடே எழுந்து வழிவிட்டது. முடிவில் நண்டுராஜன் தன் மகளை எனக்குக் கட்டிக்கொடுப்பதாகச் சொன்னான். பொன்னி ஒருத்தியே இந்தப் பிறவிக்குப் போதும் என்று மறுத்துவிட்டேன்.

22 ஆகஸ்ட்

சுவேதாவிடம் அப்படியே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க விளையாடவே இல்ல மாமா. யாரோ என் கிளாஸ்மேட்டப் புடிச்சுக் கேட்டுருக்கீங்க" என்றாள். நானும் சிரித்தேன். என் கதைக்கு அவளைப் போல் சிரிப்பவர்கள் யாரும் இல்லை.

12 செப்டம்பர்

விஷயம் பெரியதாகிவிட்டது. பெங்களூரில் கேம் செய்யும் ஒரு கம்பெனி போட்டி வைத்திருக்கிறது. கடைசி வருஷ மாணவர்களுக்கு மட்டும். தேர்வானால் அங்கேயே வேலை, தன் விளையாட்டைத் தானே செய்யலாம். இல்லையென்றால் காலேஜில் கிடைத்திருக்கும் சென்னை வேலைக்குப் போக வேண்டும். அக்கா சந்திரலேகா சென்னைக் கட்சி. "வெளையாட்டுக்குச் சம்பளம் குடுப்பானாடா எவனாவது" என்று என்னிடம் நியாயம் கேட்கிறாள்.

நவம்பரில் அனுப்ப வேண்டும். அதற்குமுன், ஒன்றும் தெரியாதவர்கள் விளையாடி வழி கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். கடைக்கு வருகிறவர்களை நாலாம் நம்பரில் உட்கார வைப்பது என் பொறுப்பு.

"உட்கார வைங்க. அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது. ஒரு குறிப்பு, ஒரு கண் ஜாடை, எதுவும் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பொன்னியின் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்த பொன்னி, "ஏங்க, ஒங்களுக்குன்னு ஒரு தல இருக்குல்ல" என்றாள்.

19 செப்டம்பர்

முதல் ஆள் மணவாளன். மெக்கானிக்கல் மாணவன், நல்ல பையன். மூன்றாவது வாய்க்காலில் மாட்டிக்கொண்டான். தள்ளுகிறான், தள்ளுகிறான். காது சிவக்கிறது. பூட்டிய வீட்டு வாசலில் ஒருவன் வியர்க்க வியர்க்க நிற்கிறான், சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? நான் மனிதனா, மைல் கல்லா?

"தம்பி, கையை எடுத்துட்டு ஒரு டீ குடிச்சிட்டு வா."

அவன் போனான், வந்தான். தண்ணீர் ஏறி, படகு மிதந்து, சேற்றைத் தாண்டியிருந்தது.

"அண்ணே, எப்பிடிண்ணே" என்று என்னைப் பார்த்தானே ஒரு பார்வை. அதற்கு இன்னும் ஆறு கம்ப்யூட்டர் வாங்கலாம்.

பொன்னியின் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

26 செப்டம்பர்

இன்று வந்தவர்கள் எல்லோரும் கடந்தார்கள். எல்லோருக்கும் நானே துடுப்பு. "பொண்ணு வந்து கேட்டா, சும்மா தோணுச்சுன்னு சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினேன். ஒரு குழந்தை மனம் வாடாமல் பார்த்துக்கொள்வதில் என்ன தவறு?

17 அக்டோபர்

சுவேதா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"எல்லாரும் தாண்டிட்டாங்க மாமா. ஆனா எதப் பாத்துத் தோணுச்சுன்னு கேட்டா ஒருத்தரும் நான் குறிப்பா வச்ச நண்டச் சொல்லல. சும்மா தோணுச்சுங்கிறாங்க. அப்ப நண்டு வேஸ்ட்தான? எடுத்துட்டேன். தேவையில்லாதது ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"நண்ட எடுத்துட்டியா? நான் பாத்தனேம்மா நண்ட."

"நீங்க பாத்தது கிரீடம் வச்ச நண்டு" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் டீ விஷயம் வெளியே வரும். அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது... வேண்டாம். எல்லாம் நல்லபடியாகவே முடியும்.

14 நவம்பர்

அனுப்பிவிட்டாள். என் கடையிலிருந்துதான். மேள தாளம் இல்லாத குறைதான். வாசலில் கற்பூரம் கொளுத்தினேன்.

21 ஜனவரி 2011

தேர்வாகவில்லை.

22 ஜனவரி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. சுவேதா நேரில் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படகு மூணாவது வாய்க்கால்ல நின்னுடுதாம். அதுக்கு மேல வேலை பாக்கி இருக்கா, முழுசா முடிச்சுட்டு அனுப்பியிருக்கலாமேன்னு எழுதியிருக்காங்க." கொஞ்ச நேரம் நாலாம் நம்பரையே பார்த்தாள். "இங்க அத்தன பேரு தாண்டுனாங்களே மாமா. அங்க ஒருத்தர்கூடவா கையை எடுக்கல?"

"பெங்களூர்க்காரனுக்குத் தண்ணியப் பத்தி என்னாம்மா தெரியும்?" என்றேன்.

சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தொண்டை எப்படி ஒத்துக்கொண்டது என்று தெரியவில்லை.

23 ஜனவரி

ஒரு டீ. சீ.

19 ஜூன்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏற்றிவிட்டோம். அக்கா புளிசாதம் கட்டிக்கொடுத்து, கண்ணைத் துடைத்து, அதே கையால் கண்டக்டரிடம் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கினாள்.

"அங்க என்னாம்மா வேலை?" என்றேன்.

"டெஸ்டிங் மாமா. அடுத்தவங்க செஞ்சதுல தப்பு எங்க இருக்குன்னு பாக்கணும்."

குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் ஜாஸ்தி வலித்தது.

4 செப்டம்பர்

இப்போது தெரியும்.

மணவாளனுக்கும் சுவேதாவின் சென்னைக் கம்பெனியிலேயே வேலை கிடைத்திருக்கிறது. கேன்டீனில் பேச்சுவாக்கில் டீ விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். பாவம், என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பான். மத்தியானம் போன் வந்தது.

"மாமா, மணவாளனுக்கு நீங்க சொன்னீங்களா?"

நாக்கு நுனியில் ஒரு கதை தயாராக நின்றது. அதில் புயல்கூட இருந்தது. விழுங்கினேன்.

"ஆமாம்மா."

"அவருக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

 "சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

திட்டியிருக்கலாமே.

26 அக்டோபர்

தீபாவளிக்கு வந்திருக்கிறாள். இந்தப் பக்கம் வரவில்லை. பொன்னியிடம் பேசினாளாம்.

9 ஜனவரி 2012

தானே புயல் போய் பத்து நாள் ஆகிவிட்டது. இன்னும் கரண்ட் இல்லை. கடையின் போர்டு எங்கே போனதென்று தெரியவில்லை. பின்பக்கத்து ஷீட்டும் இல்லை. வேறொரு வருஷமாக இருந்தால், அந்த ஷீட்டில் உட்கார்ந்து இலங்கை வரை பறந்து, அங்கே ஒரு டீ குடித்துத் திரும்பினேன் என்று எழுதியிருப்பேன். பேனா நகரவில்லை.

அக்காவைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன.

"சுவேதா தெனமும் போன் பண்ணிக் கேக்கறாடா எல்லாரையும்."

"என்னயும் கேட்டாளாக்கா?"

அக்கா யோசித்தாள். "கடைல கம்ப்யூட்டரெல்லாம் நனஞ்சுதான்னு கேட்டா."

நனையவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

20 மே

மஞ்சக்குப்பத்தில் அக்கா வீடு. சுவேதா நாலு நாள் லீவில் வந்திருக்கிறாள் என்று தெரிந்து, பொன்னியைக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானக் கரண்ட் கட். நாலு பேரும் வராந்தாவில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தப்பித்து உள்ளே போக அவளுக்கும் இடமில்லை, எனக்கும் இல்லை.

"சுவேதா, அந்த நண்டு..."

"மாமா, வேணாம். கதை வேணாம்."

"கதை இல்லம்மா. நண்டு ஏறுனதப் பாத்துத்தான் நான் கையை எடுத்தேன்."

பொன்னி, "கிரீடத்தோடவா ஏறுச்சு?" என்றாள். அக்கா சிரித்தாள். சுவேதா சிரிக்கவில்லை, விசிறியையும் நிறுத்தவில்லை. அவள் எப்படி நம்புவாள்? நம்பும்படி நான் எதைச் சொல்லியிருக்கிறேன் இத்தனை வருஷத்தில்?

"எள்ளு அளவுதான் இருக்கும்," என்றேன். "ரெண்டு தடவ ஏறி ஏறி எறங்கும். மூணாவது தடவ எறங்காது. மேலயே வலது கொடுக்க மடக்கிக்கிட்டு உக்காந்துடும். நான் கிள்ளையில, சுரபுன்னைக் காட்டோரம் பொறந்தவன். நண்டு வேர் மேல ஏறி உக்காந்துட்டா தண்ணி வரப்போவுதுன்னு அர்த்தம். அதான், சும்மா இருந்தேன். வந்துச்சு."

விசிறி நின்றது. என்னை வெகுநேரம் பார்த்தாள். எந்த நண்டுராஜனும் அப்படிப் பார்த்ததில்லை.

"கொடுக்கு மடக்கறது யாருக்கும் தெரியாது மாமா. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல." பிறகு, மெதுவாக, "அன்னிக்கே இப்பிடிச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"இப்பிடிச் சொன்னா நல்லாருக்காதுன்னு நெனச்சேன்."

கரண்ட் வந்தது. அக்கா மோர் எடுத்துவர உள்ளே போனாள். 

21 மே

ஒருவன் கண்டுபிடித்தான். யாரும் சொல்லாமல், தானாகவே. அவள் செய்தது சரியாகத்தான் வேலை செய்தது. அதற்கு இருந்த ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சிக்கு ஒரு கிரீடத்தை மாட்டிச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டேன். பெங்களூர் கதவு கடைசி வருஷ மாணவர்களுக்குத்தான். அந்த வருஷம் திரும்பி வராது.

18 நவம்பர்

சுவேதாவிடமிருந்து ஒரு மெயில். "அன்புள்ள மாமா" இல்லை, நலமா இல்லை, ஒரு சொல் இல்லை. ஒரு லிங்க் மட்டும். திறந்தேன். சாம்பல் தண்ணீர், கறுப்பு வேர், சின்னப் படகு. யார் வேண்டுமானாலும் விளையாடலாம், காசில்லை. ஆபீஸ் முடிந்து வந்து செய்திருப்பாள் போல.

மூன்றாவது வாய்க்கால்வரை போனேன். அதற்குள் பவர் கட்.

20 நவம்பர்

இன்று நர்ஸ் பிரிசில்லா ஏதோ சர்ட்டிபிகேட் பிரின்ட் எடுக்க வந்தார்கள். பிரின்டர் மக்கர் செய்தது. காத்திருந்த நேரத்தில் நாலாம் நம்பரில் உட்கார்ந்து, திறந்திருந்த விளையாட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். நான் பார்க்காதது போல் பிரின்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"அண்ணே, இது சேத்துல நின்னுபோச்சு. என்னா செய்யணும்?"

சாவி சட்டைப் பையில் இருக்கிறது.

"தெரியாதுங்க. எனக்கு வெளையாடத் தெரியாது" என்றேன்.

தெருவுக்குப் போய் டீக்கடை ஓரமாக நின்றேன். டீகூடச் சொல்லவில்லை. ஷட்டர் வழியாக அவர்கள் முதுகு தெரிந்தது. தள்ளினார்கள். சலித்தார்கள். எழப்போனார்கள். பிறகு குனிந்து திரைக்கு மிக அருகே பார்த்தார்கள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

நான் உள்ளே போனபோது படகு மிதந்துகொண்டிருந்தது.

"யாரு செஞ்சதுண்ணே இது?"

"எங்க அக்கா பொண்ணு" என்றேன். வேறொன்றும் சேர்க்கவில்லை.

சுவேதாவுக்கு மெயில் போட்டேன்: இன்று ஒருவர் கடந்தார், நான் வெளியே நின்றேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் இருக்கலாம்.

முதல் பக்கத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், ஒருவரும் நம்பவில்லை. நம்ப ஒன்றும் இருக்கவும் இல்லை. கிரீடம் பொய், முழக்கம் பொய், மகளைக் கட்டிக்கொடுக்கிறேன் என்றதும் பொய், சக்கரவர்த்தியும் பொய்.

நண்டு மட்டும் உண்மை. எள்ளு அளவுதான் இருந்தது.