கை மாறிய தேக்கு அலமாரி

10 மே 1958, சனி

அலமாரி எனக்குத்தான்!

அந்த அமெரிக்கக் குடும்பம் மலையை விட்டு ஊருக்குத் திரும்பிப் போகிறது, அதனால் சேல். வராந்தா முழுக்கச் சாமான், ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு. பாதி எரிந்த மெழுகுவர்த்திக்குக்கூட விலை போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டிலேயே வேலை செய்து நரைத்துப்போன ஆயா, தான் கழுவிக் கவிழ்த்த தட்டுகளைத் தானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். சண்டை போட்டால் விலை இறங்காது.

நான் முதலில் போனது சமையற்கட்டுக்கு. வீட்டில் யாருக்குச் சீக்கு, எது ஒழுகும், எது ஆடும் என்பதெல்லாம் துரைசானி சொல்லமாட்டாள், சமையல்காரர் சொல்வார். "மெத்தைய மட்டும் வாங்கிராதீங்க டீச்சர், பூரா மூட்டைப்பூச்சி. அலமாரி நல்ல தேக்கு. முன்னால ஒரு பாதிரியார் வீட்டுல கெடந்தது, இவுகளே பழசாத்தான் வாங்குனாக. ஒரு கால் மட்டும் பொறவு மாத்துனது, சில்வர் ஓக்கு, மட்ட மரம்."

நேராக அலமாரியிடம் போகவில்லை. ஆசைப்படுவது தெரிந்தால் போச்சு. ஒரு ஜாடியைப் பார்த்தேன், ஒரு குடையை விரித்துப் பார்த்தேன், அப்புறம்தான் வந்தேன். இழுப்பறையை உருவி அடியில் தடவினேன். மாவு உதிரவில்லை, உளு இல்லை. கண்ணாடியின் இடது கீழ்மூலையில் ரசம் போய்க் கறுப்பாக ஒரு கறை. கதவின் உள்பக்கம் பென்சில் கோடுகள், அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர வளரப் போட்டது. "அழித்துத் தரவா?" என்று துரைசானி கேட்டாள். வேண்டாம் என்றேன். கறையைக் காட்டினேன், காலைக் காட்டினேன், விலையைக் குறைத்தேன். கோடுகளைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்குப் பக்கத்திலேயே எங்கள் பிள்ளைக்கும் — சரி, போதும்.

கூடவே ஒரு சாம்பல் நிறக் கம்பளி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பூச்சி அரித்த ஓட்டை மூன்று. மூன்றையும் தொட்டுக் காட்டிப் பாதி விலைக்கு வாங்கினேன்.

12 மே

மாட்டுவண்டி வைத்து அலமாரியை மனுவேல் வீட்டுப் பின்னறையில் இறக்கியாயிற்று. நானும் அம்மாவும் இருப்பது ஒற்றை அறை. அங்கே ஒரு முக்காலிக்குக்கூட இடம் கிடையாது. தையில் எனக்கும் மனுவேலுக்கும் கல்யாணம் முடிந்தால் அந்தப் பின்னறைதான் எங்கள் வீடு. இரும்புக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, வலைக்கதவு போட்ட பெட்டி என்று இரண்டு வருஷச் சம்பளத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தது எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

மனுவேலின் தாயாருக்குப் பிடிக்கவில்லை. "வெள்ளைக்காரன் கழிச்சுப் போட்டதையெல்லாம் கொண்டாந்து எம்வீட்டுல அடைக்கியே தாயி!"

மனுவேல் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போது பேசுகிற குரலில், "சும்மா இரும்மா. தெரசா கண்ணுல பட்டா துரைசானி தலைமுடிக்கே விலை பேசிரும்" என்றார். அத்தைகூடச் சிரித்துவிட்டாள். கனமான பக்கத்தை அவர்தான் தூக்கினார். பின்னறைச் சாவியை அவரிடமே கொடுத்தேன்.

29 ஜூன், ஞாயிறு

மனுவேலின் தங்கை கித்தேரிக்குக் கீழே ஒட்டன்சத்திரத்தில் மாப்பிள்ளை. காய்கறி மண்டிக்காரர்கள். நகை போகக் கட்டிலும் அலமாரியும் வேண்டுமாம், எல்லாம் புதிதாக. அப்பா இல்லாத பெண் என்று அவர்களுக்குத் தெரியும். மண்டியில் தக்காளியை அமுக்கிப் பார்த்தே பழகிய கை.

இதை மனுவேலிடம் சொன்னேன். "ஒன் வாய வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இரு. அண்ணன்காரன் படுற பாடு ஒனக்கு என்ன தெரியும்?" என்றார். முகம் கறுத்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மாதா கோயிலில் கித்தேரியின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

பூசை முடிந்து, தைத்து வைத்திருந்த திரைச்சீலையைப் பின்னறையில் வைக்கப் போனேன். பூட்டிக் கிடந்தது. "சாவிய எங்கயோ வச்சிட்டேன். தேடித் தாறேன், வெரசாப் போ, மழை வருது" என்றார் மனுவேல். கையில் வார்னிஷ் வாசனை. கேட்டதற்கு, "பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்காங்க."

பெயிண்ட் வாசனைக்கும் வார்னிஷ் வாசனைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? தெரியும். சமையல்காரரிடம் அத்தனை கேட்கிறவள் இவரிடம் ஏன் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை?

9 செப்டம்பர்

நாளைக்குக் கல்யாணம். இன்றைக்குச் சாயங்காலம் பந்தலில் சீர் பரப்பினார்கள். ஒருவர் நடுவில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

"தேக்கு அலமாரி ஒண்ணு. மதுரையில செய்யச் சொன்னது, புதுசு."

என் அலமாரி.

புது வார்னிஷில் பளபளவென்று நிற்கிறது. கண்ணாடி மூலையில் கறைக்கு மேலே காகித ரோஜா. பக்கத்தில் என் இரும்புக் கட்டில், வெள்ளிப் பூச்சோடு. மேலே என் கம்பளி, மடித்து, ரிப்பன் கட்டி. ரோஜாவை எடுத்துப் பார்க்கவேண்டியதே இல்லை, கால் போதும். எத்தனை வார்னிஷ் அடித்தாலும் சில்வர் ஓக்கு சில்வர் ஓக்குதான். அப்படியும் கதவைத் திறந்தேன். உள்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது. ஒரு கோடு இல்லை.

மனுவேல் பந்தலின் அந்தக் கோடியில் யாருக்கோ காப்பி கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். தம்ளரைப் பார்த்தான்.

கத்தியிருப்பேன். அதற்குள் கித்தேரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். காதோடு, "மதினி, நீங்களா மனசு வந்து குடுத்தீகன்னு அண்ணன் சொல்லுச்சு. சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றாள். அவளிடமும் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் என்னை இழுத்துக்கொண்டுபோய் மாமியார் முன்னால் நிறுத்தினாள். "அத்தே, இவுகதான் எங்க மதினி. சாமான் பாக்குறதுல இவுகள மிஞ்ச ஆளில்ல."

அந்த அம்மாள் அலமாரியைத் தட்டினாள். "அப்ப நீயே சொல்லும்மா. புதுசுதானா? ஏமாத்திப்புட மாட்டீகளே?"

பந்தல் முழுக்க என்னைப் பார்க்கிறது. கித்தேரியும்.

"நல்ல தேக்குங்க. உளுக்காது. நானே தடவிப் பார்த்த மரம்" என்றேன்.

புதிதா என்று கேட்டாள். நல்லதா என்று கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். அந்தம்மாளுக்கு அது போதுமாயிருந்தது. எனக்குப் போதவில்லை.

11 செப்டம்பர்

பஸ் நிலையத்துக்கே போனேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"கேட்டா நீ இல்லன்னு சொல்லவா போற? அதான் கேக்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நானாக் குடுத்தேன்னு இருந்திருக்கும். அதையும் சேர்த்துல்ல திருடிட்டே?"

முதல் தடவையாக நீ என்றுவிட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டினார்கள்.

"கத்தாத தெரசா. இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? அடுத்த சீசனுக்கு யாராச்சும் ஊருக்குக் கிளம்பத்தான் போறாங்க. சேல் போடுவாங்க. ஒனக்குத்தான் சல்லிசா வாங்கத் தெரியுமே!"

இதுதான் அவன் சொன்னது. சல்லிசாக. ஒவ்வொரு சேலிலும் மணிக்கணக்காக நின்று, குனிந்து, தடவி, முகர்ந்து, பேரம் பேசி — அது சல்லிசு. அண்ணன்காரனின் கஷ்டம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கஷ்டத்தை மண்டிக்காரனிடம் காட்டத் தைரியமில்லை, என்னிடம் காட்டினான். எங்கே எடுத்தால் சத்தம் வராதோ அங்கே எடுத்தான்.

விசில் ஊதினான். பஸ் போய்விட்டது.

14 செப்டம்பர்

பூசைக்குப் போகவில்லை.

5 அக்டோபர்

நிச்சயப் புடவையை அம்மா கையில் கொடுத்தனுப்பினேன். அம்மா வழியெல்லாம் அழுதிருக்கிறாள். அத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாளாம்.

உபதேசியார் சம்சாரம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தாள். "ஒரு அலமாரிக்காகவா டீச்சர்? நிச்சயம் முறிஞ்ச பொண்ண இனி யாரு கட்டுவா?"

பழைய அலமாரியைப் புதிது என்று சபையில் வைத்த வீட்டை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கை பட்டுப்போன சரக்கு. இதையெல்லாம் அவளிடம் சொன்னேனா? சொன்னேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒட்டன்சத்திரத்துக்குப் போய் என் சாமானைக் கேள் என்கிறாள் அம்மா. போகலாம். போனால் அடி விழுவது கித்தேரிக்கு. போகமாட்டேன்.

18 ஜனவரி 1959, ஞாயிறு

கடுங்குளிர். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.

பூண்டியிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்குக் கேரட் ஏற்றிப் போகிற லாரிக்காரர் திருமலைச்சாமி வெள்ளனே வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு சாக்குப் பொட்டலம்.

"மண்டிவீட்டு மருமகப் புள்ள குடுத்துவிட்டுச்சு டீச்சர். அண்ணங்காரன் பொங்கலுக்கு வந்தப்ப வாயப் புடுங்கிருச்சாம், எல்லாந் தெரியுமாம். இந்த வெக்கையில எனக்குக் கம்பளி எதுக்குன்னு சொல்லச் சொல்லுச்சு. மத்ததை அனுப்ப வீட்டுல விடமாட்டாகளாம்." பொட்டலத்தை என் கையில் வைத்து, "அழுதுச்சு" என்றார்.

அம்மா காப்பி போட உள்ளே போனாள். நான் கம்பளியை வாசலுக்குக் கொண்டுபோய், சேலில் பார்ப்பது போலவே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூன்று ஓட்டையும் அடைபட்டிருந்தது. நூல் நிறம் சரியாகச் சேரவில்லை, ஆனால் அவசரமில்லாத தையல். ஓரத்தில், மடிப்புக்குள்ளே, நாலாவதாக ஒரு தையல்.

வாங்கும்போது நான் பார்க்காமல் விட்ட ஓட்டை ஒன்று இருந்திருக்கிறது. அதையும் தைத்திருக்கிறாள்.