ஒரு மீனுக்கு ஒரு ஹெலிகொப்டர்

ஒக்டோபர் 11, சனி

தூறல். ஜெர்மனியின் ஹம் நகரத்திலிருந்து வடக்கே, மாமாவின் காரில் அரை நாள். வழியில் இரண்டு தரம் தேத்தண்ணீர், ஒரு தரம் சண்டை. கார்க் கருவி சொன்ன பாதை சரியா, மாமி சொன்ன பாதை சரியா என்று. மாமி சொன்னதுதான் சரி.

விடுமுறை வீடு முழுக்க மரம். மேலே கூரையோடு ஒட்டிய அறை எனக்கு. பின்னால் சதுப்புக்காடு தொடங்குகிறது. அதற்கப்பால் வரைபடத்தில் பச்சை மட்டும், ஊர்ப்பெயர் ஒன்றும் இல்லை. போனில் சிக்னல் ஒரு கோடு. சமையலறை யன்னலில் சாய்ந்து நின்றால் இரண்டு.

கொண்டுவந்தவை: இடியப்ப உரல், கறித்தூள் (அம்மா, ஒரு ஊருக்கே காணும்), புத்தகங்கள் (நான், அதுவும் ஒரு ஊருக்கே காணும்), தூண்டில்கள் (மாமா). குடை ஒருவரும் கொண்டுவரவில்லை.

நாலு பேர். அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, மாமி, நான். பான் நகரத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்குள் கிடந்த என்னைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வாயால் முணுமுணுத்தேன். உள்ளே சந்தோஷம்.

மாமாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததைவிட, மீன்பிடிச் சோதனையில் பாஸ் பண்ணியதுதான் அவருக்குப் பெரிய விஷயம். இந்த நாட்டில் மீன் பிடிக்கப் படிக்க வேண்டும், சோதனை எழுத வேண்டும், பிறகு குளத்துக்குக் குளம் தனி அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். எல்லாம் சேர்ட்டுப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள்.

பின்னேரம் மாமி அடுப்படியிலிருந்து: "இஞ்சாருங்கோ." மாமா வாசலிலிருந்து: "வாறன்." வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான். மாமாவின் 'வாறன்' என்றால் இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்றாவது இஞ்சாருங்கோவுக்குத்தான் எழும்புவார்.

ஒன்று கவனித்தேன். மாமாவை வீட்டில் ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மாவுக்குத் தம்பி. எனக்கு மாமா. மாமிக்கு இஞ்சாருங்கோ. ஞானசேகரம் என்ற பெயர் கடிதப்பெட்டியில் தனியாகக் குடியிருக்கிறது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெயில். நம்ப முடியாத வெயில். பேர்ச் மரங்கள் எல்லாம் மஞ்சள்.

குளம் பார்க்கப் போனோம். தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறம். கால் வைத்தால் நிலம் மெத்தைபோல் அமுங்கி எழும்புகிறது. அம்மா இரண்டு தரம் குதித்துப் பார்த்தார். ஒருவரும் காணவில்லை என்று நினைத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு லூடர்ஸ் அம்மா வழியில் மறித்துப் பேசினார். முன்குளத்தில் மீன் பிடிக்கலாம். பின்னால் இருக்கும் குளம் பறவைகளுக்கானது, பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே தூண்டிலே போடக்கூடாது. மாமா யா, யா என்று தலையாட்டினார். அவர் கண் தண்ணீரில் இருந்தது. காதும் அங்கேதான் இருந்திருக்கும்.

மீன்: ஒன்றுமில்லை. மாமா மனந்தளரவில்லை. நாளைக்கு விடியவே போவாராம்.

நாரைக் கூட்டம் மேலே போனது. சத்தம் முதலில், பறவை பிறகு. தெற்கே போகின்றன. நாங்கள் எதிர்த்திசையில் வந்திருக்கிறோம். ஏனோ சிரிப்பு வந்தது.

ஒக்டோபர் 13, திங்கள், காலை

மூடுபனி. ஹெலிகொப்டர் சத்தத்தில் எழும்பினேன். இடியப்பத் தட்டுகள் தாங்களாகவே தாளம் போட்டன.

கீழே அம்மா ரேடியோவுக்குப் பக்கத்தில், முகம் சிவந்து. இந்தக் காட்டுக்குள்ளே ரெண்டு அகதியளைப் பொலிஸ் தேடுதாம். நாயும் துவக்குமாம். என்ன அநியாயம் என்றார்.

நம்ப முடியவில்லை. அடுத்த செய்திவரை காத்திருந்தேன். ரேடியோவில் சொல்வது 'ஃப்ளூஷ்டிகெ', தப்பியோடியவர்கள். அம்மாவின் காதில் விழுந்தது 'ஃப்ளூஷ்ட்லிங்கெ', அகதிகள். நடுவில் ஓர் அசைதான். அந்தச் சொல்லை எத்தனை வருஷம் சுமந்தவர். ரேடியோவில் எங்கே கேட்டாலும் தன்னைக் கூப்பிட்டதாகத்தான் திரும்புவார்.

உண்மை விஷயம்: நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வண்டியிலிருந்து இரண்டு களவுகாரர் தப்பி, இந்தச் சதுப்புக்குள் நுழைந்ததாகச் சந்தேகம். ஒருவன் கறுத்த ஜாக்கெட். பாதைகளை மூடிவிட்டார்கள். வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டாமாம்.

அம்மாவுக்கு விளக்கினேன். "ஆராயிருந்தா என்ன, குளிருக்குள்ளதானே கிடக்குதுகள்," என்று நேற்றுப் பொரித்த ரோல்ஸில் மூன்றைப் பேப்பரில் சுற்றி வெளிவாசல் படலையில் கொழுவிவிட்டார். தப்பியோடியவர்களுக்கு உதவினால் குற்றம் என்றேன். ரோல்ஸில் உறைப்புக் கூட, அதை உதவி என்று சொல்லேலாது என்றார்.

மாமி வந்து, அவர் எங்கே என்று கேட்டார்.

கட்டில் வெறுமை. தூண்டில் இல்லை. கறுத்த ஜாக்கெட் இல்லை. போன் மட்டும் சார்ஜரில்.

மதியம்

இன்னும் வரவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க ஏலாமல் எழுதுகிறேன்.

மாமி காட்டு விளிம்பில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இஞ்சாருங்கோ அடுப்படியிலிருந்து வாசல்வரை போவதற்கான சொல். காட்டில் நாலு மரம் தாண்டாது. என் குரல் பெரிது, என்னைக் கூப்பிடச் சொன்னார். மாமா, மாமா என்று தொண்டை கிழியக் கத்தினேன். பனிக்குள் போய்க் கரைந்தது.

கறுத்த ஜாக்கெட், கறுத்த தலை, காடு, துப்பாக்கியோடு ஆட்கள். இதை எழுத விருப்பமில்லை. மாமியும் ரேடியோ கேட்டவர்தான். இருவரும் அதைப் பேசவில்லை.

இருபது வயதில் மாமா இந்த நாட்டுக்குள் வந்ததே ஒரு காட்டு வழியாக. எல்லைப் பொலிஸுக்கும் நாய்களுக்கும் ஒளித்து, ஒரு சப்பாத்தைச் சேற்றுக்குள் விட்டுவிட்டு. கலியாண வீடுகளில் அவர் சொல்லும் பகிடி அது. மற்றச் சப்பாத்தைத் தானே வைத்திருந்ததாகவும், சேற்றில் போனதை ஜெர்மனி இன்னும் திருப்பித் தரவில்லை என்றும் முடிப்பார். எல்லோரும் சிரிப்போம். மாமி மட்டும் தேத்தண்ணீர் போட எழும்பிப் போய்விடுவார். ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது.

வெளியே வண்டிச் சத்தம். பொலிஸ்.

பின்னேரம்

வந்துவிட்டார். முழுசாக. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

இனி ஒழுங்காக. சிரிப்பு வருகிறது, எழுத்து ஆடுகிறது.

வந்தவர்கள் மூன்று பேர், ஒரு நாய். முன்னால் ஓர் இளம் பொலிஸ்காரி, முகமெல்லாம் புள்ளி. சதுப்புக்குள் தாயைத் தொலைத்த குழந்தையொன்று 'மாமா, மாமா' என்று அழுவதாக யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். களவுகாரரை விட்டுவிட்டு இப்போது குழந்தையைத் தேடுகிறார்களாம். எங்களுக்குக் கேட்டதா?

குழந்தை நான்தான் என்றேன்.

ஜெர்மனில் அந்தச் சொல் அம்மா. எங்களுக்கு அம்மாவின் சகோதரன். இதைக் காட்டு விளிம்பில், ஹெலிகொப்டருக்குக் கீழே நின்று விளங்கப்படுத்தினேன். அப்படியென்றால் உன் மாமா ஓர் ஆண், என்றாள். மீசையும் இருக்கிறது, என்றேன். அவள் சிரிக்கவில்லை. வாயின் ஓரம் சிரித்தது.

பிறகு முகம் மாறியது. கறுத்த ஜாக்கெட்டில், தூண்டிலோடு ஒருவர் உள்ளே நிற்கிறார், அவர் தேடப்படுபவர் அல்ல என்று வாக்கிடோக்கியில் சொன்னாள். இன்னொரு தரமும் சொன்னாள். அந்த இரண்டாவது தரத்துக்காக அவளை நான் மறக்கமாட்டேன்.

முன்குளத்தில் மாமா இல்லை. பின்குளத்துக்குப் போனோம். ஒலிபெருக்கியில் ஒருவர் கூப்பிட்டார்: ஹெர் (திரு) க்நானா ஸேகராம், இது பொலிஸ். வாத்துகள் எழும்பிப் பறந்தன. வேறொன்றும் அசையவில்லை. திரும்பவும். ஒன்றுமில்லை.

பொலிஸ்காரி ஒலிவாங்கியை மாமியிடம் நீட்டினாள். உங்கள் குரல் அவருக்குத் தெரியும் என்றாள். மாமி அதை அர்ச்சனைத் தட்டு வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்.

"இஞ்சாருங்கோ."

சதுப்பு முழுக்கக் கேட்டது. தண்ணீருக்கு மேலால் போய்த் திரும்பி வந்தது. ஜெர்மனியின் வடக்கில் இந்தச் சொல் இவ்வளவு தூரம் போனது இதுதான் முதல் தரமாக இருக்கும். மாமா வரவில்லை.

இதுதான் அவர் பெயரா என்று பொலிஸ்காரி கேட்டாள். இல்லை, 'இங்கே பாருங்கள்' என்று அர்த்தம் என்றேன். பெயரைச் சொன்னால் நல்லது என்றாள். நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை, மாமிக்கு ஜெர்மன் விளங்கும். நான் சொல்லட்டுமா மாமி என்றேன். தலையாட்டி மறுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"ஞானசேகரம்."

மூச்செடுக்கும் சத்தமும் ஒலிபெருக்கியில் கேட்டது.

"ஞானசேகரம், எங்க நிக்கிறியள்? வெளியில வாங்கோ."

எங்களுக்குப் பின்னால் ஏதோ முறிந்தது. திரும்பிப் பார்த்தோம். நாங்கள் தாண்டி வந்த வழியில், வேட்டைக்காரர் ஏறியிருந்து மான் பார்க்கும் மரப்பரண். ஏணியில் முதலில் ஒரு சப்பாத்து. பிறகு மற்றச் சப்பாத்து. மாமா. இறங்கியதும் கையிரண்டையும் தலைக்கு மேலே தூக்கினார், ஒரு கையில் தூண்டில்.

"வாறன், வாறன்."

முதல் தரமாக, வாறன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வந்தவுடன் பொலிஸ்காரியிடம் நல்ல ஜெர்மனில், மீனைத் திருப்பித் தண்ணீரில் விட்டுவிட்டேன், உயிரோடு இருக்கிறது என்றார். எந்த மீன் என்று அவள் கேட்டாள். மாமா குளத்தைக் காட்டினார், மீன் பிடிக்கத் தடை என்ற அறிவித்தல் பலகையைக் காட்டினார், வானத்தில் ஹெலிகொப்டரைக் காட்டினார். அவள் மூன்றையும் பார்த்தாள். தனக்கு ஒரு மீனையும் தெரியாது என்றாள்.

மாமி ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தார். மாமாவின் தொப்பியைக் கழற்றி, அதாலேயே தோளில் இரண்டு அடி அடித்தார். பிறகு அதே தொப்பியால் தன் கண்ணைத் துடைத்தார்.

படலையில் ரோல்ஸ் இல்லை, பேப்பர் மட்டும். பொலிஸ் நாய் மிகவும் தாகமாக இருந்தது.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெயில், காற்று. எல்லோரும் பிந்தி எழும்பினோம்.

காலைச் சாப்பாட்டோடு விசாரணை. நீதிபதி அம்மா. முன்குளத்தில் மீன் இல்லையென்று மாமா பின்குளத்துக்கு நகர்ந்திருக்கிறார். கையளவு அகல மீன் (மாமியின் கையல்ல, தன்னுடைய கை) மாட்டிய பிறகுதான் பலகை கண்ணில் பட்டது. வாசித்து முடிக்க ஹெலிகொப்டர் வந்தது.

"ஒரு மீனுக்கு ஹெலிகொப்டர் அனுப்பினமோ தம்பி?"

"ஜெர்மனிதானே அக்கா. அனுப்புவாங்கள் எண்டுதான் நினைச்சன்."

பொலிஸ் ஒலிபெருக்கியில் தன் பேரையே கேட்டதும், தன்னைத்தான் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகம் தீர்ந்துவிட்டதாம். அனுமதி அட்டையைச் சப்பாத்துக்குள் ஒளித்திருக்கிறார். இன்றைக்கும் அது சூரியனில் காய்கிறது.

பழைய பாட்டுகளில் தினைப்புனத்துப் பரணில் இருப்பவள் பெண். கிளியை விரட்டிக்கொண்டு, ஒருவன் வரமாட்டானா என்று பார்த்திருப்பாள். இங்கே பரணில் மாமா. வெளியே பொலிஸ். இதைச் சொன்னால் விளங்கக்கூடியவர் மாமாதான். சொன்னேன். தினையும் இல்லை, கிளியும் இல்லை, குளிர் மட்டும்தான் என்றார். பிறகு, மற்றவர்கள் எழும்பிப் போனதும், தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாக:

"நாய் குலைச்ச உடன கால் என்னைக் கேக்கேல்ல பிள்ளை. தானா ஓடினது. இருபது வயசுக் கால்."

அவர் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தேன். சாப்பிட்டார்.

லூடர்ஸ் அம்மா ஆப்பிள் கேக்கோடு வந்தார். குழந்தை அழுவதாகப் போன் பண்ணியது அவர்தான். மன்னிப்புக் கேட்டார், அம்மா அவரைக் கட்டிப்பிடித்தார். அந்தப் போன் இல்லாவிட்டால் பொலிஸ் எங்களிடம் வந்திருக்காது. அவர் இப்போது மாமாவை 'ஹெர் மாமா' என்கிறார். மாமாவுக்கு அது பிடித்திருக்கிறது.

செய்தியும் அவர்தான் கொண்டுவந்தார். களவுகாரர் பிடிபட்டுவிட்டார்கள். இந்தச் சதுப்புப் பக்கமே வரவில்லை. தூரத்தில் ஒரு பிராந்திய ரயிலில், டிக்கெட் இல்லாமல், பரிசோதகரிடம். இந்த நாட்டில் பொலிஸிட்டத் தப்பலாம், டிக்கெட் பார்க்கிறவனிட்டத் தப்பேலாது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். தனக்கு ஹெலிகொப்டர், அவங்களுக்கு டிக்கெட் பரிசோதகர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும்.

மாமி பிடித்துக்கொண்டார். முதல் கூப்பிட்ட இஞ்சாருங்கோ கேட்டதோ?

கேட்டதாம்.

"பிறகேன் வரேல்ல?"

"எந்த நாளும் கேக்கிறதுதானே. மூண்டாந்தரம் பாப்பம் எண்டு இருந்தன்." மாமா ஏப்பம் விட்டார். "நீ பேரைச் சொன்ன உடனதான் உலகம் அழியுது எண்டு விளங்கினது."

பின்னேரம் மாமியும் நானும் ஏனம் கழுவினோம். பெயர் சொன்னபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். கனநேரம் ஒரு கோப்பையையே துடைத்தார். கலியாணம் பேசின காலத்தில், ஒருவரும் இல்லாத நேரம் தலையணைக்குள் சொல்லிப் பார்த்ததாம். அதற்குப் பிறகு நேற்றுத்தான்.

"இனிக்குது, பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதே."

சொல்லவில்லை. எழுதிவிட்டேன்.

இப்போது மேலே என் அறையில். நாரைகள் இன்னொரு கூட்டம். கீழே மீன்குழம்பு வாசம் (கடை மீன்). மாமியின் குரல்: இஞ்சாருங்கோ. மாமா: வாறன். கதிரை அசையவில்லை. இரண்டாவது இஞ்சாருங்கோ. வாறன். கதிரை அசையவில்லை.

அமைதி. மாமி தொண்டையைச் செருமுகிறார்.

கதிரை விழும் சத்தம்.