மகேஸ்வரி மேசையில் திருஷ்டி பொம்மை

9 ஜூன், திங்கள்
வெயில். வேலப்பன்சாவடி சிக்னலிலேயே சட்டை நனைந்தாயிற்று. ஆபீசில் ஏசி பாதி உயிர்.

எல்லாரும் எழுதும் கோடை ஒரே புரோகிராமாகக் கட்டும் புது பில்டு கருவி இன்று முதல் தடவையாக சர்வரில். ஆறு வாரமாக என் வேலை. இதுவரை ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடை அவரவர் மெஷினில் தனியாகப் போட்டுக்கொள்வோம். ஆளுக்கு ஒரு பதிப்பு, தினம் ஒரு சண்டை. இனி கருவியே சரியான நோடை இறக்கி, அதை வைத்தே ஓட்டும். "எல்லா மெஷின்லயும் ஒரே நோடு, நான் கேரண்டி" என்றேன் மீட்டிங்கில். கைதட்டல் வேறு.

மதியம் பில்டு உடைந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. கடைசியாகக் கோடு மாற்றியவர் மகேஸ்வரி. மேனேஜர் முரளி சார் என் முகத்தைப் பார்த்தார். "கருவி சரியாத்தான் இருக்கு சார். அவங்க கோடாத்தான் இருக்கும்." எதையும் திறந்து பார்க்காமலே சொன்னேன்.

பில்டை உடைத்தவர் மேசைக்கு திருஷ்டி பொம்மை போகும், எங்கள் டீம் வழக்கம். நாக்கு நீட்டிய சின்ன பொம்மை. மகேஸ்வரியின் மானிட்டர் மேல் வைத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

10, செவ்வாய்
தண்ணீர் கேன் சொல்ல வேண்டும். பைக் செயினுக்கு ஆயில்.

மகேஸ்வரி மண்ணூர்பேட்டைக்காரர். குழந்தைக்காக எட்டு வருஷம் வேலையை விட்டிருந்து, திரும்ப வந்து ஐந்து மாதம். வெள்ளிக்கிழமை பர்மனன்ட் லெட்டர் வரவேண்டும். காலை மீட்டிங்கில் முரளி சார், "பேசிக்ஸே தடுமாறுதேம்மா" என்றார். "என் மெஷின்ல ஓடுது சார்." "எல்லாரும் சொல்றதுதான்." மறுபடி சிரிப்பு.

மாலை சர்வர் லாக் திறந்து, திங்கட்கிழமை என்ன நடந்தது என்ற பதிவைப் பார்த்தேன். நோடு இறங்கவே இல்லை. ஆபீஸ் நெட்வொர்க் தடுத்திருக்கிறது. கருவி மூச்சுக் காட்டாமல், சர்வரில் கிடந்த பழைய நோடை எடுத்து ஓட்டியிருக்கிறது. மகேஸ்வரி எழுதியது புதுசுக்கு. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

பழசை எடுத்து ஓட்டச் சொல்லும் வரி என்னுடையது. டெமோ அன்று நெட் இழுத்தடித்தது, மானம் போகாமலிருக்கப் போட்டேன். பிறகு எடுத்துவிடலாம் என்று. எடுக்கவில்லை.

11, புதன்
முரளி சாரிடம் சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை.

அந்த வரியை எடுத்தேன். நோடை ஆபீஸ் சர்வரிலேயே வைத்து, அங்கிருந்து இறங்கும்படி மாற்றினேன். பில்டு பச்சை, தடையில்லாமல் ஓடி முடிந்தது. "இன்னா பண்ண பாலா?" என்றார் மகேஸ்வரி. "நெட்வொர்க்ல சின்ன பிரச்சினைக்கா." பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

கேன்டீனில் தன் டப்பாவிலிருந்து சாம்பார் சாதம் எடுத்து வைத்தார். "துன்னு. மூஞ்சே சரியில்ல." தின்றேன், வெட்கங்கெட்டவன்.

அடுத்து யாராவது உடைத்தால்தான் பொம்மை நகரும். இன்னும் அங்கேயே.

12, வியாழன்
மழை. மாங்காடு வரை முழங்கால் தண்ணீர். முரளி சார் லீவு என்றதும் நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் கூசுகிறது.

13, வெள்ளி
பத்து மணி. முரளி சார் அறை. எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வரியையும் காட்டினேன். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "புதன்கிழமை சொல்லியிருந்தா சரி பண்ணியிருக்கலாம். லெட்டர் காலைலயே அவங்களுக்குப் போயிடுச்சுப்பா. பர்மனன்ட்ட மூணு மாசம் தள்ளி வச்சாச்சு. பேசிப் பாக்குறேன்."

டீம் முழுதுக்கும் மெயில். தப்பு என்னுடையது, நான்கு வரி.

மகேஸ்வரி மேசைக்குப் போய்ப் பொம்மையை எடுத்தேன். திரையில் சர்வர் லாக் திறந்திருந்தது, திங்கட்கிழமையுடையது.

"முன்னாடியே தெரியுமாக்கா?"

"செவ்வாக்கெழமயே பாத்துட்டேன். நான் சொன்னா சாக்கு சொல்றான்னுவாங்க. நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

பொம்மையைப் பிடித்தபடி நின்றேன்.

"இன்னிக்கு பர்மனன்ட்னு ஊட்ல சொல்லிட்டு வந்துகீறேன் பாலா. இப்ப போயி இன்னா சொல்றது?"