மஞ்சள் வைத்த கல்

அக்கா,

ஆடி வெள்ளி என்று எதிர்வீட்டுப் பெண் காலையிலேயே மஞ்சள் உரைக்கிறாள். வாசனை வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். மஞ்சளை எடுத்துக்கொண்டு அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற அந்தக் கல்லுக்குத்தான். நம் இரண்டு வீடு என்று கை தானாக எழுதிவிட்டது. உன் வீடு இருந்த இடத்தில் இப்போது பட்டாளத்து முள்கம்பி.

யுத்தம் தொடங்கிய புதிதில் திருமுல்லைவாயிலில் பேச்செல்லாம் நம் தெருவை ஒட்டிய மேய்ச்சல் வெளியைப் பற்றித்தான். பட்டாளத்துக் கொட்டகை வரப்போகிறது என்றான் ஒருவன். ஆகாய விமானம் இறங்கும் என்றான் இன்னொருவன். "வெளி போனா போவுது, ஊட்டாண்ட வராம இருந்தா சரி" என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். "காலி நெலத்தோட நிப்பானாடி? உன் அடுப்பு வரிக்கும் வருவான்" என்றாய். தெருவின் கடைசி வீடு உன்னுடையது, அதற்கு முந்தியது என்னுடையது. பயம் உனக்கு முதலில் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் கோடையில் சங்கிலியோடு நில அளவுக்காரர்கள் வந்தார்கள். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். ஊர் எல்லைக்கல்லுக்கு ஆடியில் மஞ்சள் குங்குமம் வைத்துப் பொங்கலிடுகிற வழக்கம் நமக்கு. அந்த வருஷம் புதுக் கல்லுக்கும் நான் வைத்தேன். "இதுக்கு மேல அவங்கள வர வுடாதே தாயே" என்று விழுந்து கும்பிட்டேன்.

நீ கடப்பாரையோடு வந்தாய். "இன்னாடி கூத்து இது? எவனோ நட்டுட்டுப் போன கல்லுக்குப் பூசையா? புடி, பேத்துக் கெணத்துல போட்டுடலாம்."

"மஞ்ச வச்சாச்சுக்கா. இனிமே அத்தத் தொட்டா குடும்பத்துக்கு ஆவாது."

நீ கடப்பாரையைக் கீழே போட்டாய். உனக்கும் சாமி பயம் உண்டே. அடுத்த வெள்ளிக்குள் தெருவே வரிசையில் நின்று அந்தக் கல்லைக் கும்பிட்டது.

பட்டாளத்துக்கு நிலம் எடுக்க அதிகாரிகள் வந்த அன்று, அது போன கோடையில் நட்ட கல் என்று தொண்டை கிழியக் கத்தினாய். நட்டவர்களுக்கே அது தெரியாதா என்ன? மஞ்சள் அப்பிக் கிடந்த கல்லைக் காட்டிக் குமாஸ்தா கேட்டான்: "நீங்களே ஊர் எல்லைன்னு பூசை போட்டுகினு கீறீங்க. இப்ப இன்னாம்மா தகராறு?" தெருவில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். பத்தே நாளில் உன் வீட்டை இடித்தார்கள். பாடி ஊரில் இருக்கிற உன் தம்பி வீட்டுக்குப் போனாய், அங்கேயே கண்ணை மூடினாய். எழவுக்கு வந்த என்னிடம் உன் தம்பி முகம் கொடுக்கவில்லை. அது நியாயம்.

யுத்தம் முடிந்துவிட்டது, கம்பி போகவில்லை. தெருக்காரர்கள் என்னைக் குறைசொல்வதும் இல்லை. "பாவம், தெரியாம பண்ட்டா" என்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கல்லை நட்ட அன்றே நான் பார்த்துவிட்டேன், அக்கா. உன் வீடு அந்தப் பக்கம், என் வீடு இந்தப் பக்கம். அதைப் பார்த்த பிறகுதான் மஞ்சள் உரைத்தேன்.

இதற்கு மேல் வரவிடாதே என்று கேட்டேன். வரவில்லை.