இந்த ஊரிலேயே வளர்ந்த கிருமி

இன்று மாத்திரை வாங்கப் போன இடத்தில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். நம் பகுதியில் எச்.ஐ.வி. கிருமி என்னென்ன வகையில் இருக்கிறது, எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ச்சியாம். ஸ்பிரிட் பஞ்சின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது, கூடவே எரிச்சலும். போன தடவை பக்கத்து நாற்காலியில் நீ இருந்தாய். "யக்கா, இந்த நோவ யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு இதுல தெரிஞ்சிடும்ல?" என்று கேட்டாய்.

உனக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. மீன்பிடிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட வியாசர்பாடிக்காரி நீ. நோய் உனக்கும் உன் புருஷனுக்கும் ஒரே வாரத்தில்தான் தெரிந்தது. ஆனால் உன் மாமியார் யோசிக்கவே இல்லை. "எம் புள்ள கடலுக்குப் போறவன். இவதான் வெளியிலேந்து கொண்டாந்துட்டா" என்று எர்ணாவூர் குடியிருப்பு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். விசைப்படகில் பத்துப் பேரை அதட்டுகிற உன் புருஷன், வீட்டில் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள் நம்மையெல்லாம் உட்காரவைத்து ஒரு டாக்டரம்மா முடிவைச் சொன்னார். இங்கே அநேகமாக எல்லோருக்கும் 'சி' வகை. ஓரிருவரிடம் இரண்டு வகை கலந்த கிருமி. உடம்புக்கு உடம்பு அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகுமாம். அப்படியும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எடுத்த கிருமிகளில் நிறைய ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். லாரிக்காரன், கப்பல்காரன் என்று கைகாட்டிப் பிரயோஜனம் இல்லை, பெரும்பாலும் ஊருக்குள்ளேயேதான் பரவியிருக்கிறது என்றார்.

நீ எழுந்து நின்றாய். "அது சரி மேடம். என் வூட்டுல யாரு யாருக்குக் குடுத்தது?"

"அதை உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ரெண்டு பேர் கிருமியும் நெருக்கம்னு மட்டும்தான் சொல்லலாம்."

"அப்ப இன்னாத்துக்கு ரத்தம் எடுத்தீங்கோ?"

எந்த மருந்து வேலை செய்யும், எங்கே பரவலைத் தடுக்க வேண்டும் என்றெல்லாம் அவர் விளக்கினார். நீ காதில் வாங்கவில்லை. திருவொற்றியூர் வரைக்கும் பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தாய். ஒரு கட்டத்தில் எனக்கே தலை வலித்தது.

மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். தெருவில் தண்ணீர் லாரி நின்றது. குடத்தோடு நின்ற பெண்களிடம் உன் மாமியார் பழைய பாட்டையே ஆரம்பித்தாள். நீ குடத்தைக் கீழே வைத்தாய்.

"இது வெளியூரு சரக்கு இல்ல அத்த. இந்த ஊர்லயே வளர்ந்தது. யாரு குடுத்தாங்கன்னு அம்மாம் பெரிய மிஷினுக்கே தெரில. உனக்கு எப்டி தெரியும்?"

உன் மாமியார் பாதிக் குடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு நீ ஒருநாளும் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கியிருந்தது. அப்படிப்பட்ட உன்னை மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி அடித்துப் போட்டது. சாவுக்கு வந்தவர்களோ, "அந்த நோவுலதான் பூட்டா" என்றார்கள். லாரி, லாரி என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது.

நீ போனதும் உன் புருஷன் மாத்திரையை நிறுத்திவிட்டான். உன் மாமியார் விம்கோ நகருக்கு என்னைத் தேடி வந்து வாசலிலேயே நின்றாள். "நீ சொன்னா அவன் கேப்பான்மா." கேட்க என்னிடம் ஆயிரம் கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது தினமும் அவனுக்குப் போன் செய்கிறேன். விழுங்கும் சத்தம் கேட்கும்வரை வைப்பதில்லை. நேற்று அவன் சொன்னான்: "யக்கா, அம்மா அவளச் சொன்னப்பல்லாம் நான் வாயத் தொறந்திருக்கணும்."

"தொறந்திருக்கணும். இப்பத் தொற. மாத்திரையப் போடு."

போட்டான். எனக்குக் கோபம் தீரவில்லை. நாளைக்கும் போன் செய்வேன்.