மெத்தை பவுலும் என் கல்யாணமும்

நவம்பர் 10, திங்கள்

ஒருவழியாகக் கல்யாணத் தேதி முடிவாயிற்று. டிசம்பர் 27, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி, செயின்ட் கிளேர் தேவாலயம். ஹோலிஸ் யோசிக்கக்கூட இல்லை. “டிசம்பர்ல எனக்கு என்ன வேலை? மூணு ஜெயிச்சு ஏழு தோத்திருக்கோம். எந்தப் புண்ணியவான் எங்களை சீசனுக்கு அப்புறம் நடக்கிற பவுல் ஆட்டத்துக்குக் கூப்பிடப் போறான்?” என்றான்.

நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருடமாக ஊர் ஊராய்ப் போய், கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் டீம்களில் முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளும் தடியன்களுக்குக் கோச்சாக இருக்கிறான். இவன் சேர்ந்த கல்லூரி எதுவும் ஒரு டிசம்பரிலும் ஆடியதில்லை. கல்யாணமாகாமல் போனதற்கும் அதையே காரணமாகச் சொல்வான். “தோக்கிற கோச்சுக்கு யாரு பொண்ணு தருவா?”

நானே என்னைத் தருகிறேன், போ.

நவம்பர் 22, சனி

ஜெயித்துவிட்டோம்! யாருமே எதிர்பார்க்கவில்லை. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது.

நவம்பர் 29, சனி

இன்றும்! அதுவும் பரம எதிரி ஊரில் போய். ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. சீசன் முடிந்தது.

அம்மாவுக்கு ஃபுட்பால் என்றால் ஆகாது. ராத்திரிச் சாப்பாட்டில் ஹோலிஸிடம் கேட்டாள்: “அப்ப கோப்பை உண்டா இல்லையா, மாப்பிள்ளை?”

“இல்ல அத்தை. நாட்டுலயே ஒசந்த பன்னெண்டு டீமை ஒரு கமிட்டி உக்காந்து பொறுக்கும். அவங்கதான் சாம்பியன் பட்டத்துக்கு மோதுவாங்க. மத்தவங்களுக்கு ஊருக்கொரு பவுல் ஆட்டம். ஆறு ஜெயிச்சாத்தான் அதுக்கே கூப்பிடுவாங்க. நாங்க அஞ்சு.”

“ஒண்ணுல போச்சா?” அம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் வைத்தாள். “போகட்டும். கல்யாணத்துல வயிறாரச் சாப்பிடலாம்.”

டிசம்பர் 3, புதன்

பல்கலைக்கழகம் முழுக்க ஒரே வதந்தி. பவுல் ஆட்டங்கள் அதிகமாம், ஆறு ஜெயித்த டீம்கள் போதவில்லையாம். அப்படிக் குறைந்தால் ஐந்து ஜெயித்தவர்களைக் கூப்பிடுவார்கள். எந்த வரிசையில்? படிப்பில் யார் நல்ல மதிப்பெண் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கு முதலில்.

எங்கள் பையன்கள் அந்த வரிசையில் நான்காவது. அவர்களைப் படிக்க வைப்பதுதான் என் வேலை. பத்து வருடமாக ஒவ்வொருவனையும் வகுப்புக்கு விரட்டி, பரீட்சைக்கு எழுப்பி, கட்டுரையைத் திருப்பி எழுத வைத்து... இன்றைக்குத் தலைமைக் கோச் வார்டெல் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெருமையாகத்தான் இருந்தது. நமக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள், அதனால் பயமில்லை.

பயமா? எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி

முன்னால் இருந்த மூன்றில் ஒரு டீம் ஓர் அழைப்பை வாங்கிக்கொண்டது. இன்னொன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அங்கே கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பாதிப் பையன்கள் வேறு கல்லூரி தேடிக்கொண்டிருக்கிறார்கள். இனி நமக்கு முன்னால் ஒரே ஒரு டீம். மிச்சம் ஒரே ஓர் இடம்.

ஹோலிஸ் சாதாரணமாக இருப்பதுபோல் நடிக்கிறான். காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டான்.

டிசம்பர் 7, ஞாயிறு

டீம் அறையில் பெரிய டிவி. கமிட்டியின் முடிவு வரும் நாள். பையன்கள், கோச்சுகள், அவர்கள் பெண்டாட்டிகள், நான். பன்னிரண்டு பெயரும் ஒவ்வொன்றாக வர வர, நமக்குச் சம்பந்தமே இல்லாத சண்டை.

“ரெண்டு தோத்தவன் உள்ளே, ஒண்ணு தோத்தவன் வெளியேவா? என்ன அநியாயம்!”

“அவன் யாரோட ஆடினான்? எல்லாம் சோப்ளாங்கி டீம்!”

வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம். பத்து ஆட்டம் ஜெயித்தும் பதின்மூன்றாவதாக நின்றுவிட்டது. அரைமணி நேரத்தில் செய்தி வந்தது: பட்டத்துக்கு இல்லை என்றால் வேறு எந்த பவுலும் எங்களுக்கு வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டார்களாம். ஆக, மிச்சம் இரண்டு இடம், வரிசையிலும் இரண்டே டீம்.

கோச் வார்டெலின் போன் அடித்தது. யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். “ஆமா... ஆமா சார்... ரொம்ப சந்தோஷம் சார்...” போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: “டூப்ரே மெத்தை பவுல்! போர்ட் லாவெல்ல!” ஒரு மெத்தைக் கம்பெனி பணம் போட்டு நடத்தும் ஆட்டம்.

கூரை பறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முந்நூறு பவுண்டு எடையுள்ள பையன்கள் குழந்தைகள் மாதிரி குதித்தார்கள். நானும் குதித்தேன், யாரையோ கட்டிப்பிடித்து அழுதேன். அப்புறம்தான் கோச் தேதியைச் சொன்னார். இருபத்தேழு. காலை பதினொன்று. பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரம்.

கூட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஹோலிஸ் என்னைப் பார்த்தான். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

நானே படிக்க வைத்து, நானே வரிசையில் ஏற்றி, என் கல்யாணத்துக்கு நானே வைத்துக்கொண்ட வேட்டு!

டிசம்பர் 8, திங்கள்

சண்டை.

“நான் போகல டெல். கோச்சுகிட்ட சொல்லிட்டேன். நம்ம கல்யாணம் நடக்கும்.”

“யாரைக் கேட்டுச் சொன்ன?”

“உனக்காகத்தானே...”

“எனக்காகன்னு சொல்லாத! அப்புறம் ஆயுசு முழுக்க டிசம்பர் வந்தா நீ ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருப்ப, நான் அதைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?”

“அப்ப போகவா?”

“போன்னு எப்படிடா சொல்வேன்?”

போகாதேன்னும் சொல்ல முடியல, போன்னும் சொல்ல முடியல. அவன் என்னதான் செய்வான் பாவம். முப்பத்தெட்டு வயசுல கவுன் தைச்சு மாட்டி வச்சிருக்கேன். நூத்தி நாப்பது பேரைக் கூப்பிட்டாச்சு. தள்ளி வைக்கலாம்னா, ஃபாதர் லாண்ட்ரி ஈஸ்டர் முடியற வரைக்கும் சனிக்கிழமை எதுவும் காலி இல்லைன்னுட்டார். அம்மா விஷயத்தைக் கேட்டதும் போனை வச்சுட்டா. அம்மா பாதியில போனை வச்சா அதைவிட பயம் வேற இல்ல.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் ட்ரெமெய்ன் பிக்கெட் என் அறைக்கு வந்தான். முன்வரிசையின் நடுவில் நிற்பவன், கடைசி வருடம். புள்ளியியலில் இரண்டு முறை விழுந்து, போன வசந்தத்தில் தேறியவன். உட்காரவில்லை. என் நாற்காலிகள்மேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது.

“மிஸ் டெல்ஃபீன், நேத்து நாங்க கூடிப் பேசினோம். கோச் ஹோலிஸ் கிட்ரி இல்லாம நாங்க ஆடப் போறதில்ல.”

“பைத்தியமா உங்களுக்கு?”

“அவர் கல்யாணம் முக்கியம். நாங்கதான் அன்னைக்கு சர்ச்ல விருந்தாளிங்களை உக்கார வைக்கிறதா இருந்தோம். எல்லாரும் சூட் தைச்சாச்சு மிஸ். என் சைஸுக்குக் கடையில வாங்க முடியாது, தெரியும்ல?”

“இனிமே ஒரு ஆட்டம் கிடைக்குமாடா உனக்கு?”

தரையைப் பார்த்தான். “கிடைக்காது. எங்கம்மா நான் காலேஜ்ல ஆடி நேர்ல பாத்ததே இல்ல. சனிக்கிழமைன்னா அவங்களுக்கு ஷிஃப்ட். இதுக்கு லீவு கேக்கலாம்னு இருந்தாங்க. பரவால்ல மிஸ்.”

பரவாயில்லையாம்! அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் அம்மா கேட்டாள்:

“அந்த ஆட்டம் எத்தனை மணிக்குடி முடியும்?”

“ரெண்டரை, மூணு.”

“போர்ட் லாவெல்ல சர்ச் இருக்கா?”

“அம்மா...”

“மீன்பிடிக்கிற ஊரு, சர்ச் இல்லாமலா இருக்கும்? ஃபாதர்கிட்ட நான் பேசிக்கறேன். அண்டா குண்டாவெல்லாம் பஸ்ல ஏத்திடலாம். இறாலை இங்கேருந்து ஏன் தூக்கணும், அங்கேயே ஃப்ரெஷ்ஷா வாங்கிக்கலாம். அந்தப் பையனோட அம்மாவை என் பக்கத்துல உக்காரச் சொல்லு. அந்தக் கண்ராவி ஆட்டத்தை யாராவது எனக்குச் சொல்லிக் குடுக்கணும்ல.”

டிசம்பர் 10, புதன்

ஆட்டம் முடிந்ததும் போர்ட் லாவெலிலேயே கல்யாணம் என்ற அம்மாவின் திட்டத்தை ஹோலிஸிடம் சொன்னேன். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான்.

டிசம்பர் 19, வெள்ளி

நூற்று நாற்பது பேரில் நூற்றுப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். மெத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் எட்டி, ஒரு பெரிய கட்டில் மெத்தையைக் கல்யாணப் பரிசாக அனுப்புகிறார்களாம். பையன்கள் அடிக்கும் கிண்டலை இங்கே எழுத முடியாது.

டிசம்பர் 28, ஞாயிறு

நேற்றைய கதையை எங்கே ஆரம்பிக்க?

மழை. மைதானம் பாதி காலி. எதிர் டீம் ஒஹாயோக்காரர்கள், கூடத்தில் நிறுத்திய பீரோ மாதிரி ஆள்கள். கவுனை ஓட்டலில் மாட்டிவிட்டு, தலைக்குச் சுருள் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் ட்ரெமெய்னின் அம்மா. ஆஸ்பத்திரி நர்ஸ், பெயர் ஒடெஸா. மகன் மாதிரியே உருவம், மைதானத்தையே அதட்டும் குரல்.

கடைசி நிமிடம். நாங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சேர்த்தால் ஆறு புள்ளி. கோட்டுக்கு ஒரே ஒரு கஜம், ஒரே ஒரு வாய்ப்பு.

“இப்ப என்ன பண்ணணும்?” என்றாள் அம்மா.

“உங்க மாப்பிள்ளையோட தடியனுங்க முட்டித் தள்ளணும். அவ்வளவுதான்” என்றாள் ஒடெஸா.

அம்மா எழுந்தாள். பத்து வருடமாக முழங்கால் வலி என்பவள் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். “தள்ளுங்கடா! என் பொண்ணுக்கு சர்ச்சுக்கு நேரமாச்சு! தள்ளுங்க!”

தள்ளினார்கள். சேற்றில் ஒரே குவியல். நடுவர் குனிந்து ஒவ்வொருவனாகப் பிரித்தெடுத்தார். அடியில் பந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம். ஒடெஸா என் கையைப் பிடித்து நசுக்கினாள். இன்னும் வலிக்கிறது.

இந்த பவுலில் ஒரு வழக்கம் உண்டு, ஜெயித்த கோச்சை மெத்தையில் போட்டுத் தூக்கி எறிவார்கள். வார்டெலை எறிந்தார்கள். பிறகு ஹோலிஸைத் துரத்திப் பிடித்து எறிந்தார்கள். மூன்றாவது எறிதலில் மூக்குக்கண்ணாடி பறந்தது. அதன்மேல் எவனோ ஏறி நின்றுவிட்டான்.

ஆக, மாலை ஐந்து மணிக்கு என் மாப்பிள்ளை கண்ணாடி இல்லாமல் பீடத்தின் முன் நின்றான். முன்வரிசைத் தடியன்கள் சூட் போட்டு, தோளில் ஐஸ் பை கட்டி, நொண்டி நொண்டி விருந்தாளிகளை உட்கார வைத்தார்கள். நான் கிட்டே போன பிறகும் ஹோலிஸ் கண்ணை இடுக்கினான்.

“நீதானே?”

“இல்ல, ஃபாதர் லாண்ட்ரி.”

முன்பெஞ்சில் ட்ரெமெய்ன் சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது. என் நாற்காலிகளை அவன் நம்பாதது சரிதான்.

ஆறு வெற்றி, ஏழு தோல்வி. ஜெயித்த பிறகும் தோல்விதான் அதிகம். விருந்தில் அதற்காக நான்கு முறை மதுக்கோப்பை உயர்த்தினார்கள்.

ஜனவரி 12, திங்கள்

வகுப்புகள் தொடங்கின. இரண்டு புதுப் பையன்கள் காலை வகுப்புக்கு மட்டம். தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் விட்டேன்.

மதியம் அம்மா வீட்டுக்குப் போனபோது அவள் போனில் என் சித்தி மகளைக் கடிந்துகொண்டிருந்தாள்:

“கல்யாணத்தை ஜூன்ல வச்சுக்க, ஜூலைல வச்சுக்க. டிசம்பர் மட்டும் வேண்டவே வேண்டாம்டி. எங்களுக்கு ஆட்டம் இருக்கும்.”