தொண்ணூற்றேழு மட்டும் பாக்கி

ரப்பர் காய் வெடிக்கத் தொடங்கிவிட்டது. லயத்து வரிசை வீட்டுக் கூரைத் தகரத்தில் விதை விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்கள் பாய் கிடந்த பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். புருஷன் போய் ஒரு வருஷமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

மழை பெய்தால் மரத்தில் பால் வெட்டு இல்லை. மற்ற ஆண்கள் கம்பளிக்குள் சுருண்டுகொள்வார்கள். நீங்கள் கரித்துண்டோடு சுவரோரம் உட்காருவீர்கள். கப்பலேறும் முன் முகாமில் உங்கள் கழுத்தில் கட்டிவிட்ட தகர வில்லையில் 9973 என்று அடித்திருந்தது. அதை இரண்டால், மூன்றால், ஐந்தால், ஏழால் என்று வகுத்துக்கொண்டே போவீர்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது மிச்சம் நிற்கும்.

"எதுக்கும் மசிய மாட்டேங்குது புள்ள."

"உங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க."

பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காவுக்குக் கேட்டுவிடுமென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. தெரணியகலைப் பக்கம் அது நுழையாத லயம் இல்லை. எண்பத்தொன்பது வரை வகுத்திருந்தீர்கள். கடைசி நாளிலும் அதே பேச்சுத்தான்.

"தொண்ணூத்தேழு மட்டும் பாக்கி. நூறுக்குள்ள மத்ததெல்லாம் முன்ன பாத்ததுலயே அடங்கிரும். நீ பாத்துரு."

"அதுக்கப்புறம்?"

"அதோட சரி. நூறு தடவ நூறு, பத்தாயிரம். நூறுக்கு மேல ஒண்ணு சரியா வகுத்தா, ஜோடியா கீழ ஒண்ணும் வகுக்கணும். கீழ உள்ளதெல்லாம்தான் பாத்தாச்சே."

புரியாமலே தலையாட்டினேன்.

கழுத்துத் தகரம் உடம்போடு குழிக்குள் போவது நம் லயத்து வழக்கம். நான் அதை அவிழ்த்துக்கொண்டேன். உங்கள் அக்கா கத்தினார்.

"அடிப்பாவி, எந்தத் தோட்டத்து ஆளுன்னு அங்க எப்புடித் தெரியும்? என் தம்பிய அலைய விடுறியே!"

"ஒரு கணக்கு பாக்கியிருக்கு அண்ணி. முடிஞ்சதும் கொண்டாந்து போட்டுர்றேன்."

காய்ச்சல் ஓய்ந்ததும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். உங்கள் கரி எழுத்தெல்லாம் போய்விட்டது.

எனக்கு வகுக்கத் தெரியாது, எண்ணத்தான் தெரியும். அதனால் இப்போது விதை பொறுக்கினேன். பத்தாயிரத்துக்குக் கிட்ட வேண்டுமே என்று மூன்று நாள் இடுப்பு ஒடியப் பொறுக்கிய பிறகுதான் தோன்றியது. நூறு நூறாகக் குவித்தால் தொண்ணூற்றொன்பது குவியல், மேலே எழுபத்து மூன்று. ஒவ்வொரு குவியலிலும் தொண்ணூற்றேழு போனால் மூன்றுதான் மிஞ்சும். அந்த மூன்றுகளையும் எழுபத்து மூன்றையும் சேர்த்தேன். முந்நூற்று எழுபது. அதில் மூன்று முறை தொண்ணூற்றேழை எடுத்தேன். எழுபத்தொன்பது நின்றது.

உங்கள் எண் உடையவில்லை. சொல்லத் திரும்பினேன். பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது.

மறுநாள் அக்காவோடு போய்த் தகரத்தை உங்கள் தலைமாட்டில் புதைத்தேன்.

"கணக்கு என்னடி ஆச்சு?"

"மசியல அண்ணி."

"அதத் தெரிஞ்சு என்ன செய்ய?" என்று மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

மிஞ்சிய எழுபத்தொன்பது விதையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். ஒன்பது தடவை ஒன்பது எண்பத்தொன்று. ஆகவே ஏழு வரை பார்த்தால் போதும். நீங்கள் சொன்னது இப்போது புரிகிறது. பார்த்தேன். அதுவும் உடையவில்லை.